காது பாதி, மூளை மீதி

பான் கார்டு எண்ணைப் போனில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். நீங்கள் 'எஃப்' என்று சொன்னதை எதிர்முனையில் இருப்பவர் 'எஸ்' என்று எழுதிக்கொள்வார். "எஃப் ஃபார் ஃபேன்" என்று விளக்கினால்தான் வேலை நடக்கும். சொன்னவர் உச்சரிப்பிலும் குறையில்லை, கேட்டவர் காதிலும் குறையில்லை. பழைய வகைத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரையிலான ஒலிகளைத்தான் கடத்தும். 'ஸ்' என்ற சீறலின் பலமோ பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது வழியிலேயே வெட்டுப்பட்டுவிடும். இரண்டு எழுத்துக்கும் பொதுவான 'எ' மட்டும் தெளிவாக வந்து சேரும். 4ஜி இணைப்பின் வழியே நேரடியாகப் போகும் 'வோல்ட்டி' அழைப்புகள் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகக்கூடியவை என்பதால் அவற்றில் இந்தக் குழப்பம் குறைவு.

சரி, அதே பழைய இணைப்பில் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசும்போது ஏன் குழப்பம் வருவதில்லை? அப்போதும் 'ஸ்' வெட்டுப்படத்தான் செய்கிறது. விட்டுப்போன ஒலியை மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. பான் எண்ணின் எழுத்துகளில் ஒன்றை வைத்து அடுத்ததை ஊகிக்க முடியாது, அதனால் அங்கே நிரப்ப வழியில்லை.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970-இல் இதைச் சோதித்துக் காட்டினார். பதிவு செய்த ஓர் ஆங்கில வாக்கியத்தில், ஒரு சொல்லின் நடுவே இருந்த 'ஸ்' ஒலியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மீதி ஒருவர், விடுபட்டதாக வேறொரு ஒலியைச் சொன்னார். இருமல் வாக்கியத்தின் எந்த இடத்தில் வந்தது என்பதையும் அவர்களால் சரியாகக் காட்ட முடியவில்லை. இல்லாத ஒலி அவர்களுக்கு உண்மையாகவே கேட்டிருக்கிறது!

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். கூட்ட இரைச்சலில் அறிவிப்பின் வால் மட்டும் "…ம்பாக்கம்" என்று காதில் விழுகிறது. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம் மூன்றுக்கும் அதே வால்தான். ஆனால் வண்டி சேத்துப்பட்டைத் தாண்டியிருந்தால் தினமும் போகிறவர் காதில் 'நுங்கம்பாக்கம்' என்றே முழுதாக ஒலிக்கும். பழவந்தாங்கலைத் தாண்டியிருந்தால் 'மீனம்பாக்கம்'. ஊருக்குப் புதியவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதே ஒலியைக் கேட்டாலும் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. இருவருக்கும் காது ஒன்றுதான், மனசில் இருக்கும் நிலையப் பட்டியல்தான் வேறு.

வேலையிடத்து ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' பலகை தொங்குகிறது. எல்லா இடத்திலும் வாய்க்குத்தான் பயிற்சி. காதுக்குத் தனியாக நேரம் ஒதுக்குகிறவர்கள் குறைவு. ஆனால் ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளை வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேச உட்காரும்போது, பெரும்பாலும் முதலில் மாட்டிக்கொள்வது பேச்சில் இல்லை. எதிரே இருப்பவர் சொல்வதைப் பிடிப்பதில்தான்.

இதற்குக் காரணம் தொட்டில் பருவத்திலேயே தொடங்குகிறது. 'பத்து', 'பட்டு' இரண்டும் வேறு என்று நமக்கு யோசிக்காமலே தெரியும். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவருக்குத் தகரமும் டகரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கும். உளவியலாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் இந்தியில் உள்ள இதே போன்ற வேறுபாட்டை 6 முதல் 8 மாத வயதில் நன்றாகவே உணர்ந்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் மங்கியிருந்தது. வீட்டு மொழிக்குத் தேவையில்லாத வேறுபாட்டை மூளை கழித்துவிடுகிறது. நமக்கும் அப்படிக் கழிந்தவை உண்டு. தமிழில் இருப்பது ஒரே வகரம். அதனால் ஆங்கிலத்தில் உதட்டைக் குவித்துச் சொல்லும் 'வ', பல்லை உதட்டில் வைத்துச் சொல்லும் 'வ' இரண்டும் நம்மில் பலருக்கு ஒன்றாகவே கேட்கின்றன.

கழிந்ததை வளர்ந்த பிறகும் ஓரளவு மீட்க முடியும். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் ஒன்றாகக் கேட்கும் என்பது பிரபலமான விஷயம். 1990-களில் அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிசோனி குழுவினர் அவர்களுக்குக் காதுப் பயிற்சி கொடுத்தார்கள்: ஒரு சொல்லைக் கேட்க வேண்டும், இரண்டில் எது என்று சொல்ல வேண்டும், சரியா தவறா என்று உடனே தெரிந்துகொள்ள வேண்டும். பல குரல்களில் கேட்டுப் பழகியவர்கள் புதிய குரல்களிலும் வேறுபாட்டைப் பிடித்தார்கள். ஒரே குரலில் பழகியவர்களுக்கு வேறு குரல் வந்ததும் தடுமாற்றம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1997-இல் வந்த முடிவு. கேட்க மட்டுமே பழகியவர்களின் உச்சரிப்பும் கூடவே மேம்பட்டிருந்தது, பேசும் பயிற்சி எதுவும் கொடுக்காமலேயே. பயிற்சி மையம் நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் இருக்கிறது. டச்சுக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் காட்சிகளைப் போட்டுக்காட்டிய 2009 ஆய்வில், ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பழகியது. டச்சு சப்டைட்டில் படித்தவர்களுக்கு அது இடைஞ்சலாகவே இருந்தது. தாய்மொழி எழுத்து பொருளைத் தந்துவிடும், ஆனால் காதில் விழும் ஒலியோடு அதைப் பொருத்திப் பார்க்க முடியாது. ஆகவே தொடர் பார்க்கிறவர்கள் பேச்சு எந்த மொழியோ சப்டைட்டிலையும் அந்த மொழியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இன்னொரு தடை, இது தமிழிலேயே பேசிக்கொண்டாலும் வரும். பத்து மொழிகளில் உரையாடல்களை அளந்த ஒரு பன்னாட்டு ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடி அளவில்தான் இருந்தது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை வாயால் சொல்லவே சுமார் 600 மில்லி விநாடி ஆகும். அப்படியானால் எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். கேட்ட சொற்களை மனசுக்குள் ஓட்டி வைத்திருக்கும் நினைவில் சுமார் 2 விநாடிப் பேச்சுதான் தங்கும். நம் பதிலை உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பதும் அதே இடத்தில்தான். பதில் இரண்டாம் மொழியில் என்றால் அது இன்னும் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலாளர் இரண்டு கேள்வி கேட்க, ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லி முழிக்கும் பிள்ளையை அலட்சியக்காரன் என்று திட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டாவது கேள்வி தங்க அங்கே இடமே இருந்திருக்காது.

விமானிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறை தரும் முக்கியமான அனுமதிகளை அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. ஆபீசிலும் இது நன்றாக வேலை செய்யும். "அப்போ வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும், முதல்ல டெஸ்டிங் டீமுக்கு அனுப்பணும், சரிதானே சார்?" திருப்பிச் சொல்லப்போகிறோம் என்று தெரிந்தால் நினைவின் இடத்தை அவருடைய சொற்களுக்கே கொடுப்போம். தவறாகப் பிடித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

வீட்டில் வயசானவர்களோடு பேசும்போதும் இவையெல்லாம் உதவும். வயதாகும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். சீறல் ஒலிகள் வாழும் இடமே அதுதான். நாம் கத்தினால் உயிரொலிகள்தான் அதிகம் பெருகும், தாத்தாவுக்குத் தேவையான மெய்யொலிகள் அந்த அளவுக்குப் பெருகாது. டிவியை நிறுத்திவிட்டு, அவர் உங்கள் உதட்டைப் பார்க்கும்படி எதிரே உட்காருங்கள். இரைச்சலில் பேசுகிறவர் முகம் தெரிந்தாலே சொற்கள் கூடுதலாகப் பிடிபடும் என்பது 1954-லேயே சோதனையில் தெரிந்த விஷயம். "தாத்தா, மாத்திரை விஷயமா கேக்குறேன்" என்று பேச்சுப்பொருளை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கொஞ்சம் நிதானமாகக் கேள்வியைக் கேளுங்கள். மாத்திரை என்று தெரிந்துவிட்டால், விட்டுப்போகும் ஒலிகளை அவரே நிரப்பிக்கொள்வார்.