வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவில் வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாலும், டவுன் எங்கே முடிந்து கிராமம் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்ட மக்களில் 82 சதவீதத்துக்கு மேல் நகரவாசிகள், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம். ஆனால் 5,000 பேருக்குக் குறையாமல் நெருக்கமாக வாழ்ந்து, ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால், ஊராட்சியையும் அந்தக் கணக்கு நகரம் என்றே எழுதிவிடும்.

அரசு நலத் திட்டங்கள் பார்ப்பது அதை அல்ல, வீட்டு வரி யாருக்குக் கட்டுகிறீர்கள் என்பதைத்தான். எங்கள் தெருவில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஊராட்சி, இந்தப் பக்கம் பேரூராட்சி. நூறு நாள் வேலை ஊராட்சிக்கு மட்டும் என்பதால் இந்தப் பக்கத்து அக்காவுக்கு அது இல்லை. "நானும் வயல்ல களைதானே பறிக்கேன், எனக்கு மட்டும் ஏன் கெடையாது?" என்று கேட்டார். சட்டம் அப்படி என்பதைத் தவிர என்ன சொல்ல? மாநில அரசின் வீட்டுத் திட்டமான கலைஞர் கனவு இல்லமும் ஊரகத்துக்குத்தான். பிரதமர் வீட்டுத் திட்டம் இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் தனித்தனி. ஊராட்சிக்காரர்கள் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸிலும் மற்றவர்கள் தங்கள் பேரூராட்சி, நகராட்சி அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும்.

பட்டாவில் 'கிராமம்' என்று இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், அது வருவாய் கிராமம், அதாவது நிலக் கணக்குக்காக வருவாய்த் துறை வைத்திருக்கும் பிரிவு. நாகர்கோவிலுக்கு நடுவில் இருக்கும் வடிவீஸ்வரமும் அந்தக் கணக்கில் கிராமம்தான்.

சரி, ஊராட்சிக்கும் நகரத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கத்தையும் சேர்த்து யோசிக்க யாருமே இல்லையா? இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 243இசட்டி பிரிவு சொல்லும் மாவட்டத் திட்டக் குழு. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள், மாவட்ட ஊராட்சியிலும் நகர அமைப்புகளிலும் இருக்கும் மக்கள் பிரதிநிதிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர்கள், மாவட்டத்தின் கிராம, நகர மக்கள்தொகை விகிதப்படி. தண்ணீரைப் பகிர்வது, நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது போன்ற பொது விஷயங்களைப் பார்த்து ஒரே திட்டமாக்குவது அதன் வேலை. பழையாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: பூதப்பாண்டி, நாகர்கோவில், சுசீந்திரம் என்று போய் மணக்குடியில் கடலில் சேர்கிறது. மேலே யாரோ விடும் சாக்கடையை, கீழே இருக்கும் ஊராட்சி தீர்மானம் போட்டு நிறுத்த முடியுமா?

அப்புறம் ஒன்று. உங்கள் பகுதிக்கு 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான், எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் திட்டம்) வரைவு வெளியானால், ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அதற்குள் வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைத் தேடி, வயலை வயலாகத்தான் காட்டியிருக்கிறார்களா என்று பார்த்து, தப்பு இருந்தால் எழுத்தில் கொடுங்கள்.