பன்றிச் சிறுநீரகம் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் கொஞ்ச காலமாக என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. யாரோ அனுப்பிய வீடியோவைப் போனில் காட்டி, "அமெரிக்காவுல பன்றி கிட்னி வைக்கிறாங்களாமே டாக்டர், நமக்கு எப்போ வரும்?" என்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் ஊசி குத்திக்கொண்டு படுத்திருப்பவருக்கு அந்த வீடியோ எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது சிறுநீரக மருத்துவராகிய எனக்குத் தெரியும். என் கவலை வேறு. அதை நம்பிச் சிலர் இன்று கைக்கெட்டும் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

முதலில், நடந்தது என்ன என்று பார்ப்போம்.

2024 மார்ச் 16 அன்று பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ரிச்சர்ட் ஸ்லேமன் என்ற 62 வயதுக்காரருக்குப் பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. உயிரோடிருக்கும் ஒரு நோயாளிக்கு மரபணு திருத்திய பன்றிச் சிறுநீரகம் வைத்தது அதுதான் முதல் முறை. அவருக்கு 2018இலேயே மனிதச் சிறுநீரகம் ஒன்று வைத்திருந்தார்கள். சுமார் ஐந்து ஆண்டுகளில் அது பழுதாகி, 2023இல் மறுபடியும் டயாலிசிஸுக்கு வந்துவிட்டார். வந்த பிறகு ஊசி குத்தும் ரத்தக்குழாய் வழி திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. வீடியோக்களில் இந்த விவரம் பெரும்பாலும் வருவதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் முக்கியம். அந்த ரத்தக்குழாய் வழி கெட்டுப்போனால் இந்த டயாலிசிஸே செய்ய முடியாது. அப்படி ஒரு முட்டுச்சந்தில் நின்றவருக்குத்தான் இந்தச் சோதனையைச் செய்தார்கள்.

பொருத்திய சிறுநீரகம் வேலை செய்தது, சிறுநீர் வந்தது, அவர் வீட்டுக்கும் போனார். 52ஆம் நாள் திடீரென்று இறந்தார். இதயக் கோளாறுதான் காரணம் என்று பின்னால் வெளியான மருத்துவ அறிக்கை சொன்னது. கடைசிவரை சிறுநீரகம் நன்றாகவே இயங்கியிருக்கிறது.

அடுத்து டொவானா லூனி. 1999இல் தன் தாய்க்குச் சிறுநீரகம் கொடுத்தவர். பின்னாளில் கர்ப்பகாலச் சிக்கலால் ரத்த அழுத்தம் ஏறி, மீதமிருந்த ஒன்றும் கெட்டது. தானம் செய்தவர் என்பதால் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை இருந்தும், பிறர் உறுப்பைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் உடலில் மிக அதிகமாக இருந்ததால் எந்த மனிதச் சிறுநீரகமும் பொருந்தவில்லை. 2024 நவம்பரில் நியூயார்க்கில் பன்றிச் சிறுநீரகம் வைத்தார்கள். 130 நாள் வேலை செய்தது. இடையில் வந்த ஒரு தொற்றுக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்தார்கள், உடல் உறுப்பை நிராகரிக்கத் தொடங்கிவிட்டது. எடுத்துவிட வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் பாஸ்டனிலேயே டிம் ஆண்ட்ரூஸ் என்பவருக்கு வைத்தது 271 நாள் ஓடியது. அதுவரை அவ்வளவு நாள் எந்தப் பன்றிச் சிறுநீரகமும் மனித உடலில் தாக்குப்பிடித்ததில்லை.

271 நாள் என்றால் ஏறக்குறைய ஒன்பது மாதம். 1964இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கீத் ரீம்ட்ஸ்மா என்ற அறுவை மருத்துவர் சிம்பன்சியின் சிறுநீரகங்களைப் பொருத்திய ஓர் ஆசிரியையும் ஒன்பது மாதம்தான் இருந்தார். அறுபது வருடத்தில் முன்னேற்றமே இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது, நிறையவே. சிம்பன்சி நமக்கு மிக நெருங்கிய உயிரினம். பன்றி தூரத்தது. மரபணு திருத்தாத பன்றிச் சிறுநீரகத்தை மனிதருக்கு வைத்தால் அது சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கெட்டுவிடும்.

ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன். பன்றியின் செல்களின் மேல் ஆல்ஃபா-கால் என்ற ஒரு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும். மனிதருக்கு அது கிடையாது. ஆனால் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் அது உண்டு. அதனால் குழந்தைப் பருவத்திலிருந்தே அதற்கு எதிரான புரதங்களை நம் உடல் தயாரித்து வைத்திருக்கிறது. பன்றி உறுப்புக்குள் மனித ரத்தம் பாய்ந்ததும் அந்தப் புரதங்கள் ரத்தக்குழாயின் உள்சுவரில் போய் ஒட்டும், சுவர் சிதையும், ரத்தம் உறையும், இளஞ்சிவப்பாக இருந்த சிறுநீரகம் கண் முன்னாலேயே கறுத்துப்போகும். இதைத் தடுக்கத்தான் மரபணுத் திருத்தம். ஸ்லேமனுக்கு வைத்ததில் 69 திருத்தங்கள். இதுபோன்ற சர்க்கரைகளை உண்டாக்கும் பன்றி மரபணுக்கள் மூன்றை நீக்கினார்கள், மனித மரபணுக்கள் ஏழைச் சேர்த்தார்கள். மீதி 59, பன்றியின் மரபணுவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் வைரஸ் துண்டுகளைச் செயலிழக்கச் செய்தவை.

வைரஸ் பயம் வெறும் கற்பனை இல்லை. 2022 ஜனவரியில் பால்டிமோரில் டேவிட் பென்னட் என்பவருக்குப் பன்றி இதயம் வைத்தார்கள். இரண்டு மாதம் இருந்தார். அந்த இதயத்துக்குள் பன்றிகளுக்கு வரும் சைட்டோமெகலோ வைரஸ் இருந்தது பிறகுதான் தெரிந்தது. பன்றியை முன்கூட்டியே பரிசோதித்திருந்தார்கள், ஆனாலும் உறங்கிக்கிடந்த வைரஸ் அந்தப் பரிசோதனையில் சிக்கவில்லை.

"பன்றியா?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்களிடம் ஒன்று சொல்வேன். டயாலிசிஸ் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க டெக்னீஷியன் செலுத்துகிறாரே ஹெப்பாரின், உலகில் புழங்கும் அந்த மருந்தில் பெரும்பகுதி பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்துதான் வருகிறது. இதய வால்வு மாற்றியவர்களில் பலருக்குள் இருப்பது பன்றியின் வால்வோ மாட்டின் இதய உறையோதான். ஆனால் வால்வை ரசாயனத்தில் பதப்படுத்திவிடுவார்கள், அதில் உயிருள்ள செல் இருக்காது. அதனால்தான் உடல் அதைச் சகித்துக்கொள்கிறது. சிறுநீரகமோ உயிரோடு இருந்தாக வேண்டும். சமய நம்பிக்கை காரணமாக இதில் சங்கடம் உள்ளவர்கள் மருந்தைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சரி, இப்போது நிலவரம் என்ன? 2025 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முறையான சோதனைக்கு அனுமதி தந்தது. ஒரு நிறுவனத்தின் சோதனையில் முதலில் 6 பேர், சரியாக அமைந்தால் 50 பேர் வரை. அதில் சேர 55 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். மனிதச் சிறுநீரகம் வைக்கவே முடியாதவராகவோ, ஐந்து ஆண்டுக்குள் அது கிடைக்கும் வாய்ப்பு குறைவானவராகவோ இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே இது இன்னும் சோதனை அளவில்தான் இருக்கிறது. இந்தியாவில் எந்த மருத்துவமனையிலும் இது சிகிச்சையாகக் கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1997இல் அசாமின் சோனாப்பூரில் மருத்துவர் தனிராம் பருவா ஒருவருக்குப் பன்றி இதயம் பொருத்தினார். நோயாளி ஏழு நாளில் இறந்தார், மருத்துவர் உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் கைதானார்.

என்னிடம் வரும் ஓர் இளைஞருக்கு அவருடைய அம்மாவின் சிறுநீரகம் நன்றாகப் பொருந்துகிறது. எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு அவர் நின்றுவிட்டார். "அம்மா உடம்பைக் கிழிக்க மனசு வரல டாக்டர். ரெண்டு வருஷம் பொறுத்தா பன்றி கிட்னி வந்துடும்ல?" பக்கத்தில் இருந்த அம்மா, "நான் கொடுக்கிறேன்னு நிக்கிறேன், இவன் பன்னி வரட்டும்ங்கிறான், நீங்களே சொல்லுங்க சார்" என்றார். அந்த மகனின் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டயாலிசிஸில் கழியும் ஒவ்வொரு வருடமும் இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் கெடுக்கிறது, பின்னால் வைக்கும் சிறுநீரகத்தின் ஆயுளையும் குறைக்கிறது. அம்மாவுக்கும் வயது ஏறுகிறது, அப்புறம் அவரே தகுதி இழக்கலாம். லூனியின் கதையைக் கேட்டுத் தானம் கொடுப்பவர்கள் பயப்படலாம். கொடுப்பவருக்கு ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று நான் சொல்வதில்லை. கொடுத்த பிறகும் வருடம் ஒருமுறை ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்தாக வேண்டும் என்பதைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

லூனியிடமிருந்து நம் டயாலிசிஸ் யூனிட்டுகள் கற்க இன்னொன்றும் இருக்கிறது. எந்தச் சிறுநீரகமும் பொருந்தாத அளவுக்கு எதிர்ப்புப் புரதங்கள் ஏறுவதற்குப் பிரசவம், முந்தைய மாற்று அறுவை, ரத்தம் ஏற்றுதல் மூன்றும் காரணம். கடைசி ஒன்றை நாம் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஹீமோகுளோபின் இறங்கினால் "ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திடுங்க, தெம்பா இருக்கும்" என்று வீட்டார் கேட்கிறார்கள், அவசரத்தில் ஏற்றியும் விடுகிறார்கள். மாற்று அறுவைக்குப் போக நினைப்பவர் ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்டின் ஊசியையும் இரும்புச்சத்து ஊசியையும் விடாமல் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ரத்தம் தேவைப்படாது. அப்படியும் ஏற்றியே ஆக வேண்டுமென்றால், வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தம் கேளுங்கள்.

வீட்டில் கொடுப்பவர் இருந்தும் ரத்த வகை சேரவில்லையா? அதே சிக்கலில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. கொடுப்பவரே இல்லையென்றால் உங்கள் மருத்துவமனை மூலம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவோடு வேலை முடிவதில்லை. இதயப் பரிசோதனையை அவ்வப்போது புதுப்பித்து வையுங்கள். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் கிடைத்தால் அழைப்பு நள்ளிரவிலும் வரும், சில மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். போன் நம்பர் மாறியிருந்தால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நம்பர் மாற்றியவர்கள் இன்றைக்கே உங்கள் மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் இன்னொருவரின் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள்.