தோப்பில் புல் வெட்ட டிராக்டர் வாங்கும் முன் ஒரு மானியக் கணக்கு

ஐப்பசி மழை விட்டதும் தென்னந்தோப்புக்குள் கால் வைக்க முடியாது. முழங்கால் உயரத்துக்குப் புல், இடையிடையே பார்த்தீனியம், வரப்போரம் கோரை. விழுந்த காயைத் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும். களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. "பேசாம மானியத்துல ஒரு மினி டிராக்டர் போட்டுடலாமா?" என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும். போடலாம். ஆனால் மானியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

பணம் வருவது 'வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம்' என்ற மத்தியத் திட்டத்தில். 2014-15இல் தொடங்கியது. செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. தமிழ்நாட்டில் நடத்துவது வேளாண் பொறியியல் துறை. வேளாண்மைத் துறை வேறு, இது வேறு. மனுவோடு வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர்.

சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு வண்டி விலையில் 50 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். குறு விவசாயி என்றால் இரண்டரை ஏக்கர் வரை, சிறு விவசாயி என்றால் ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர். ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயியாக இருப்பவருக்கு மாநில அரசு 2022-23 முதல் கூடுதலாக 20 சதவீதம் தருகிறது.

"பாதி விலைக்கு டிராக்டர்" என்று டீக்கடையில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. சதவீதத்தோடு ஓர் உச்சவரம்பும் உண்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். அந்த உச்சவரம்பு வண்டியின் பிடிஓ குதிரைத்திறனைப் பொறுத்தது. பானெட்டில் ஒட்டியிருப்பது எஞ்சின் குதிரைத்திறன். பிடிஓ என்பது வண்டியின் பின்னால் சுற்றுகிற அந்த ஆறு பள்ளத் தண்டு. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரையோ புல்வெட்டியையோ ஓட்டுவது அதுதான். அதில் வந்து சேரும் திறன் எஞ்சின் திறனைவிட எப்போதும் குறைவு.

2020ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைப்படி, 50 சதவீதப் பிரிவில் வருபவருக்கு 8 முதல் 20 பிடிஓ குதிரைத்திறன் வரையுள்ள டூ வீல் டிரைவுக்கு 2 லட்சம், ஃபோர் வீல் டிரைவுக்கு 2.25 லட்சம். 20க்கு மேல் 40 வரை என்றால் 2.50 லட்சமும் 3 லட்சமும். ஃபோர் வீல் டிரைவ் மினி டிராக்டர் ஒன்றின் விலை ஐந்தரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதி என்பது 2.75 லட்சம். பிடிஓ திறன் 19 என்றால் கைக்கு வருவது 2.25 லட்சம்தான். அதே விலையில் பிடிஓ 21 உள்ள வண்டி என்றால் முழுசாக 2.75 லட்சமும் வரும். இரண்டு குதிரைத்திறனில் ஐம்பதாயிரம்! உங்கள் ஆண்டுக்கான வரம்பு என்ன என்று வேளாண் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிடிஓ திறனுக்கு ஷோரூம்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது.

சரி, எந்த வண்டி? புல் வெட்டுவதுதான் முக்கிய வேலை என்றால், வெட்டும் அகலம் ஓர் அடிக்குச் சுமார் ஐந்து பிடிஓ குதிரைத்திறன் என்று பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். நாலடி ஸ்லாஷருக்கு, அதாவது டிராக்டரில் மாட்டும் புல்வெட்டிக்கு, இருபது. 25 அடி இடைவெளியில் நட்ட தென்னைக்குப் பெரிய வண்டிகூட நுழையும். ஆனால் வட்டப்பாத்தியை ஒட்டித் திரும்ப மினிதான் தோது. மாந்தோப்பு என்றால் ஸ்டியரிங் உயரத்தையும், நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயையும் பாருங்கள், தாழ்ந்த கிளையில் முதலில் இடிப்பது அதுதான்.

ரோட்டவேட்டர் இருக்கிறதே, ஸ்லாஷர் எதற்கு என்று கேட்பார்கள். கோரை மண்டிய நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் கிழங்கு அறுந்து தோப்பு முழுக்கப் பரவும். தென்னையின் மேல் வேரும் அடிபடும். ஸ்லாஷர் புல்லை மேலாக அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடும். ஸ்லாஷரில் பின்பக்கம் சங்கிலித் திரை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் சிதறும் கல் முழங்காலைப் பதம் பார்க்கும்.

விண்ணப்பிக்கத் தமிழக அரசின் 'உழவன்' கைப்பேசிச் செயலி போதும். ஆதார், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல், சிறு குறு விவசாயி சான்று, தேவைப்படுபவர்களுக்குச் சாதிச் சான்று. நிதி ஒதுக்கீட்டுக்குத் தக்கபடிதான் அனுமதி வரும். அதுவரை வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். என் மச்சான் எடுத்தார். "புக் பண்ணிடுங்க, மானியம் பின்னாடியே வந்துரும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, ஆடிப்பெருக்கன்று மாலை போட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தார். பில் தேதி அனுமதிக்கு முந்தியது என்று மனு தள்ளுபடி. மாலை காய்வதற்குள் இரண்டு லட்சம் போயிற்று.

அனுமதி வந்த பிறகும் துறையின் பட்டியலில் உள்ள நிறுவனம், மாடலில்தான் வாங்க வேண்டும். மானியம் பின்னேற்பு: அதிகாரிகள் வண்டியைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். இடைப்பட்ட நாட்களுக்குப் பணம் புரட்ட வேண்டியது உங்கள் பாடு. ஒரு நல்ல சேதி, 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. டிராக்டர் டயருக்கு 18இலிருந்து 5. பழைய விலைப்பட்டியலை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நாலு ஏக்கர் தோப்பில் வருஷத்துக்கு மூன்று முறை புல் வெட்டினால், ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் 18 மணி நேர வேலை. வேளாண் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கு 500 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டுவந்திருக்கிறது. அந்த வாடகையில் கணக்குப் பார்த்தால் வருஷத்துக்கு 9,000 ரூபாய். உழவன் செயலியிலேயே இ-வாடகை என்ற பகுதியில் பதியலாம். புல்வெட்டும் கருவி உங்கள் கோட்டத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சொந்த வண்டியின் தேய்மானமே அந்த 9,000 ரூபாயைத் தாண்டும்.

வாடகை வண்டியில் ஒரு சங்கடம், மழை விட்ட வாரத்தில் ஊரே அதைத்தான் கேட்கும். பார்த்தீனியம் பூத்து விதை கட்டிய பிறகு வெட்டினால் வெட்டிய பலன் இல்லை. அதனால் பூ வைக்கும் முன்பே தேதி கிடைக்கிற மாதிரி, மழை பெய்துகொண்டிருக்கும்போதே பதிந்து வைத்துவிடுங்கள்.