கோடி: சொல்லும் கணக்கும்

கோடி என்றால் நூறு லட்சம். 1 போட்டு ஏழு சுழியம். திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் வியாபாரப் பேச்சில் இந்தச் சொல் விழாத நாள் இருக்காது. அதே ஆள் "தோட்டத்துக் கோடியில கெணறு இருக்குதுங்க" என்று சொன்னால், அங்கே கோடி என்பது கடைசி முனை. தெருக்கோடி, கடைக்கோடி எல்லாம் இந்த வகைதான். (கோடித்துணி என்பதில் வரும் கோடிக்குப் புதியது என்று பொருள், அது வேறு கதை.)

வடமொழியில் கோடி என்ற சொல் வில்லின் வளைந்த நுனியையும் உச்சியையும் குறிக்கும், இந்த எண்ணையும் குறிக்கும். தனுஷ்கோடி என்றால் வில்லின் நுனி. தமிழில் 'கோடு' என்றால் வளைவு, கொம்பு, மலைமுகடு. திருச்செங்கோட்டில் இருப்பது இந்த மலைக்கோடுதான். இதை வைத்துக் கோடியும் தமிழ்ச்சொல்லே என்று வாதிடுபவர்கள் உண்டு. ஒலியும் பொருளும் கிட்ட வருவது மட்டும் வேருக்குச் சான்று ஆகிவிடாது.

சரி, நேர்த் தமிழ் எது? லட்சத்துக்கு நூறாயிரம், அப்படியானால் கோடிக்கு நூறு நூறாயிரம். தொல்காப்பியம் பேரெண்களை ஐ, அம், பல் என முடியும் பெயர்களாகச் சொல்ல, உரைகாரர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று காட்டினார்கள். பெரியாழ்வாரோ 'பலகோடி நூறாயிரம்' என்று இரண்டையும் ஒன்றாகவே பாடிவிட்டார். அப்போதே கலந்துவிட்ட சொல்லை இப்போது பிரித்தெடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. காசோலையில் 'நூறு நூறாயிரம்' என்று எழுதிக் கொடுத்தால் காசாளர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

எண்ணாகப் பார்த்தால் கோடியில் இருப்பது ஏழு 2-ம் ஏழு 5-ம் மட்டுமே. அவற்றைப் பெருக்கினால் 1,00,00,000. வேறு பகா எண் எதுவும் உள்ளே கிடையாது. 2-ஐ ஒன்றுகூட எடுக்காததிலிருந்து ஏழும் எடுப்பது வரை 8 வழி, 5-க்கும் அப்படியே 8 வழி; அதனால் இதற்கு 8 × 8 = 64 வகுத்திகள், அதாவது மீதியில்லாமல் வகுக்கும் எண்கள். ஒரு கோடி ரூபாய் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 20 பேர் என்றால் ஆளுக்கு 5 லட்சம், 25 என்றால் 4 லட்சம், 40 என்றால் இரண்டரை லட்சம், 50 என்றால் 2 லட்சம். 30 பேரைச் சேர்த்தால் 3,33,333 ரூபாயோடு சில்லறைக் காசும் வந்து கழுத்தை அறுக்கும். 30-க்குள் 3 இருக்கிறது, கோடிக்குள் இல்லை.

ஏழு என்பது ஒற்றைப்படை என்பதால் கோடி முழு வர்க்கமும் ஆகாது; 3162-ன் வர்க்கம் இதற்குக் கீழே நிற்கும், 3163-ன் வர்க்கம் மேலே போய்விடும். ஆனால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக வரும்: 3000-ன் வர்க்கமும் 1000-ன் வர்க்கமும் சேர்ந்தால் சரியாகக் கோடி. 2600, 1800 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதே விடைதான்.

அப்புறம், பதினொரு பங்காளிகள் ஒரு கோடியைப் பிரிக்க உட்கார்ந்தால் பத்து ரூபாய் மிஞ்சும். யாராவது ஒரு ரூபாயைக் கூடப் போட்டால் ஆளுக்கு 9,09,091 என்று பைசா பிசகாமல் வரும்.