நல்லவேளை, இப்பவே சொன்னீங்க

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஹெல்ப்பராகச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசராகி, இப்போது புரொடக்‌ஷன் பார்க்கிறேன். புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களை உட்காரவைத்து நான் முதலில் சொல்வது, ஊசி உடைந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

தையல் மெஷினில் ஊசி உடைவது தினப்படி நடப்பது. ஆனால் உடைந்த துண்டு துணிக்குள் தங்கிவிட்டால், அது எங்கோ ஒரு குழந்தையின் உடம்பில் போய்க் குத்தும். அதனால் ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். காந்தத்தை வைத்துத் தேடி எல்லாத் துண்டையும் எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, மெஷின் நம்பரும் நேரமும் எழுதிய பிறகுதான் புது ஊசி தருவோம். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ் அத்தனையையும் ஒதுக்கிவிட வேண்டும். கடைசியாக மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டை அது பிடிக்கிறதா என்று அடிக்கடி சோதித்துப் பார்ப்போம்.

அன்றைக்குக் குழந்தைகள் உடுப்பு, ஷிப்மென்ட்டுக்கு இரண்டே நாள். பேக்கிங்கில் டிடெக்டர் கத்தியது. பீஸைப் பிரித்துப் பார்த்தால், தோள்பட்டைத் தையலுக்குள் ஊசியின் முனை. பதிவேட்டில் அப்படி எதுவும் பதிவாகவில்லை. பேக் செய்த பெட்டிகளைத் திரும்பப் பிரித்து, ராத்திரி முழுக்க ஒவ்வொரு பீஸாக மறுபடி டிடெக்டரில் ஓட்டினோம்.

விசாரித்தபோது, துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினை ஓட்டும் ஒரு அக்கா தானாகவே வந்து ஒத்துக்கொண்டார். ஊசி உடைந்ததை யாரிடமும் சொல்லாமல், தன் பெட்டியில் வைத்திருந்த ஊசியை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். “ஏனுங்க்கா சொல்லல?” என்று கேட்டேன். திட்டுவேன் என்று பயந்திருப்பார் என நினைத்தேன். அவர் சொன்ன பதில் வேறு. “காலையில மீட்டிங்ல அவ்வளவு சந்தோசமா பேசுனீங்க. இன்னைக்கு எந்தத் தடங்கலும் வராதுன்னு எல்லாரையும் கை தட்ட வெச்சீங்க. அதை நாமளே கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேனுங்க.”

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. நம்பிக்கையாகப் பேசுவதுதான் நல்ல தலைமை என்று எண்ணி, தினமும் காலையில் பத்து நிமிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த உற்சாகமே கெட்ட செய்தி வரும் வழியை அடைத்திருந்தது. எல்லாம் நன்றாகத்தான் நடக்கும் என்று மேலே இருப்பவர் திரும்பத் திரும்பச் சொன்னால், நன்றாக நடக்காததைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

அப்புறம் இரண்டு விஷயங்களை மாற்றினேன். ஒன்று, காலை மீட்டிங்கில் என் பேச்சைக் குறைத்தேன். “இன்னைக்கு எங்கே இழுக்கும்னு தோணுது?” என்று மட்டும் கேட்பேன். முதல் வாரம் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. ரிப் துணி இரண்டு ஷேடாக வந்திருக்கிறது, ஏழாம் நம்பர் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, டையிங்கிலிருந்து பாதித் துணிதான் வந்திருக்கிறது. மணி எட்டரைக்கே தெரிந்தால் இவை சின்ன வேலைகள். சாயங்காலம் தெரிந்தால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

இரண்டாவது, யார் என்ன தகவலோடு வந்தாலும் என் வாயில் வரும் முதல் வார்த்தை. “நல்லவேளை, இப்பவே சொன்னீங்க.” இதைச் சொல்லிவிட்டுத்தான் எங்கே, எத்தனை பீஸ் என்று கேட்பேன். யார் செய்தது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எங்களிடம் ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். தமிழில் விளக்கிச் சொல்லத் தெரியாமலே பல தவறுகள் மறைந்து போகும். அதற்காக ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்தோம். தூக்கிக் காட்டினால் போதும், நான் போய்விடுவேன். இது நான் கண்டுபிடித்ததல்ல. டொயோட்டா கார் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து உதவிக்குக் கூப்பிடலாம், சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும் என்ற ஏற்பாடு பல வருடங்களாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஊசிப் பதிவேட்டில் பக்கங்கள் வேகமாக நிரம்பின. முதலாளிக்குக் கவலை வந்துவிட்டது. “என்னப்பா, முன்னைவிட அதிகமா ஒடையுது?” என்றார். உடைவது கூடவில்லை, சொல்வதுதான் கூடியிருக்கிறது என்று விளக்கினேன். பின்னாளில் ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் பயமில்லாமல் வெளியே சொல்கிறார்கள் என்பதுதான் அதற்கு அவர் கண்ட விளக்கம். படித்ததும் எங்கள் பதிவேடுதான் கண்முன் வந்தது.

நம்பிக்கை வார்த்தை பேசவே கூடாத இடமும் ஒன்று உண்டு. அது சம்பளம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்த விஷயம். அது தள்ளிப்போகும்போது “எல்லாம் சரியாகிடும்” என்று சிரித்துச் சமாளிப்பது அநியாயம். அங்கே தேதியைச் சொல்ல வேண்டும். தேதி கையில் இல்லாவிட்டால் ஆபீசுக்குப் போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

சூப்பர்வைசர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். மேலே வாங்கிய திட்டை அப்படியே கீழே இறக்கிவைக்காதீர்கள். ஆபீசில் திட்டு வாங்கிய கையோடு லைனுக்குள் நுழையாமல், தண்ணீர் கேன் பக்கம் போய் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வாருங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் ‘அறிவில்லையா’ என்று கேட்க வந்த வாய், ‘எந்தத் தையல் பிரச்சினை’ என்று கேட்கும்.

பொங்கல் முடிந்து லைன் திறக்கும் நாளில் இது நன்றாகத் தெரியும். முப்பத்தைந்து மெஷினில் இருபத்திரண்டில்தான் ஆள் இருக்கும். ஊருக்குப் போனவர்கள் வரவில்லையே என்ற கோபத்தில் மீட்டிங்கில் கத்துவோம். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் யார்? சொன்ன நாளுக்குச் சரியாக வந்துவிட்டவர்கள். ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்களும் அதில் இருப்பார்கள். அன்றைக்கு நான் முதலில் போர்டில் இருக்கும் பழைய டார்கெட்டை அழிப்பேன். இருபத்திரண்டு பேரால் மணிக்கு எத்தனை பீஸ் முடியும் என்று அவர்களையே கேட்டு, அவர்கள் சொல்லும் எண்ணை எழுதுவேன். அப்புறம் டீ சொல்லிவிட்டு, முதல் துணிக்கட்டைப் பிரித்து மெஷினுக்குக் கொடுக்க ஆரம்பிப்போம்.