கறை அல்ல, சாயம்

வெங்காய வேர்நுனியை நசுக்கி, செல்லுக்குள் மரபுப் பண்புகளைத் தாங்கும் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் செய்முறையைத் தமிழில் எழுதும் பலர் 'குரோமோசோம்களைக் கறைப்படுத்துதல்' என்றே எழுதுகிறார்கள். வழக்கமாக ஊற்றும் அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்துக்குப் பதில் செம்பருத்தி, பீட்ரூட் சாற்றைப் பயன்படுத்திப் பார்ப்பது பற்றிய கட்டுரைகளிலும் இப்போது 'தாவரக் கறைகள்' புகுந்துவிட்டன. இது தவறு. சாயம், சாயமேற்றல் என்பவையே சரி.

குரோமோசோம் என்பதற்குக் கிரேக்கத்தில் 'நிற உடல்' என்று பொருள். சாயத்தை நன்றாக ஏற்பதால் 1888இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டேயர் வைத்த பெயர் அது. ஆங்கில 'ஸ்டெயின்' சட்டைக் கறைக்கும் ஆய்வுக்கூடச் சாயத்துக்கும் பொது. தமிழில் இரண்டும் வேறு.

கறை வேண்டாமல் படிவது. வாழைக்கறை, வெற்றிலைக்கறை எதுவானாலும் போக்கத்தான் பார்ப்போம். 'புறநானூற்றில் சிவனின் கறைமிடறு அழகாகத்தானே வருகிறது?' என்று கேட்கலாம். சரி, அங்கும் அது நஞ்சு விட்ட தடம். மறைந்திருப்பதைப் பார்ப்பதற்காக ஏற்றிய நிறமல்ல. 'நிறமூட்டல்' கொஞ்சம் தேவலாம். ஆனால் கேசரிப்பொடி செய்வதும் நிறமூட்டல்தான். நிறம் ஓரிடத்தைத் தேடிப் பற்றுவதை அது சொல்வதில்லை.

சாயம் சொல்கிறது. மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து, அதாவது நடுக்கட்டையிலிருந்து, எடுக்கும் ஹிமட்டாக்சிலின் சாயத்தைப் பாருங்கள். முதலில் துணிக்குப் போட்டார்கள், அப்புறம்தான் திசுவுக்கு. ஆக்சிஜனேற்றம் அடைந்து படிகாரத்தோடு சேர்ந்ததும் அது நேர்மின்னூட்டம் பெற்று, குரோமோசோமில் உள்ள எதிர்மின்னூட்டமுள்ள டிஎன்ஏவைப் பற்றுகிறது. சாயவேரில் சிவப்பு எடுத்த நம் ஊர்ச் சாயக்காரர்கள் படிகாரம் சேர்த்ததும் நிறம் நூலைப் பற்றி நிற்கத்தான். தொழில் ஒன்று, சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும்.

'இயற்கைச் சாயம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் குழப்பம். அசிட்டோகார்மைனில் உள்ள கார்மைன் கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து வருகிறது. குரோமோசோமுக்கு ஏற்றும் இன்னொரு சாயமான ஆர்சீனின் மூலம், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். இரண்டும் இயற்கைதானே! செடி கொடியிலிருந்து எடுத்ததைத் தாவரச் சாயம் என்றே எழுதுங்கள். அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறையாவது ஆய்வுக்கூடத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

கறைக்கும் அங்கே வேலை உண்டு. சரியாக வடிகட்டாத கார்மைன், கண்ணாடித் தகட்டில் துகள் துகளாகப் படியும். அதுதான் கறை. சாயத்தையும் கறை என்றே எழுதிவிட்டால், 'கறையைத் துடைக்கவும்' என்ற குறிப்பைப் படிக்கும் மாணவர் எதைத் துடைப்பார்?