ஒட்டு: பேட்சுக்கு மாந்தோப்பில் கிடைத்த சொல்

சேலத்துக்காரர்களிடம் பேட்ச் என்று சொன்னால் ஏற்காடு ரோடுதான் நினைவுக்கு வரும். மழைக்காலம் முடிந்ததும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தார் பெயர்ந்த இடமாகப் பார்த்து ஜல்லியைக் கொட்டி உருளை ஓட்டுவார்கள். அதன் பெயர் 'பேட்ச் ஒர்க்'. அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடியும் வாயைப் பிளக்கும். இதைப் பார்த்தே வளர்ந்ததால், நிரலில் உள்ள பிழையைத் திருத்தக் கணினிக்காரர்கள் அனுப்பும் சிறு கோப்பான பேட்சையும் அவசரத்துக்குப் பூசும் பூச்சு என்றே நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நினைப்பு மாறியது, நிரல் எழுதப் பயன்படும் விம் எடிட்டரின் உதவிக் கோப்புகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து செய்கிற வேலை. "பிழை கண்டால் பேட்ச் அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. பேட்சுக்குத் தமிழ்ச் சொல் தேடி அந்த ஒரு வரியில் இரண்டு வாரம் நின்றுவிட்டோம்.

ஆங்கிலத்தில் பேட்ச் என்றால் கிழிந்த துணிமேல் வைத்துத் தைக்கும் துண்டு. 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் சொல். 'துண்டு' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லோடு அதற்கு உறவு இருக்கலாம் என்பார்கள். கணினிக்குள் அது வந்த வழி காகித நாடா. 1944-இல் இயங்கத் தொடங்கிய ஹார்வர்டு மார்க் 1 இயந்திரத்துக்கு, துளையிட்ட நீளமான நாடாதான் நிரல். தவறான துளை விழுந்துவிட்டால் அதன்மேல் சிறு காகிதச் சதுரத்தை ஒட்டி மூடினார்கள். அம்மாபேட்டையில் பட்டுத் தறி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெசவின் வடிவத்தைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையும் அதே துளைக் கணக்குதான்.

பிழை பெரிதாக இருந்தால் மூடினால் போதாது. நாடாவில் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, தயாரித்தவர்கள் அனுப்பிய புதுத் துண்டை அந்த இடத்தில் வைத்து ஒட்ட வேண்டும். இந்த இரண்டாவது வகை வேலைதான் இன்றைய பேட்சுக்கு நெருக்கமானது.

நாடா போய்க் கோப்பு வந்த பிறகும் சொல் நின்றது. 1974-இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்பில் 'டிஃப்' என்ற கட்டளை இருந்தது. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, எந்த வரி போயிற்று, எந்த வரி வந்தது என்று பட்டியல் போடும். அந்தப் பட்டியலை வாங்கிப் பழைய கோப்பில் மாற்றங்களைத் தானாகச் செய்யும் 'பேட்ச்' என்ற நிரலை 1985-இல் லாரி வால் எழுதினார். இரண்டு வருஷம் கழித்து பெர்ல் நிரல்மொழியைக் கொண்டுவந்தவரும் அவரே. ஒரு வரியைத் திருத்த முழுக் கோப்பையும் அனுப்பும் வேலை அதோடு ஒழிந்தது. இன்று புழங்கும் வடிவத்தில், போன வரிக்கு முன்னால் கழித்தல் குறி, வந்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி, மேலும் கீழும் மாறாத மூன்று மூன்று வரிகள் அடையாளத்துக்கு. இடையில் வேறு யாராவது பத்து வரி சேர்த்து இடம் நகர்ந்திருந்தாலும், அந்த அடையாள வரிகளை வைத்துச் சரியான இடத்தை பேட்ச் நிரல் தேடிப் பிடிக்கும். அடையாளமே காணோம் என்றால் அந்தத் துண்டைச் சேர்க்காமல் தனிக் கோப்பில் ஒதுக்கிவிடும்.

விம்மில், அதை உருவாக்கிய பிராம் மூலெனார் காலத்திலிருந்தே நிரலில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் எண்ணிட்ட பேட்சாகத்தான் வரும். உதவிக் கோப்பில் மட்டும் நடக்கும் திருத்தங்களுக்குப் பெரும்பாலும் அந்த எண் கிடையாது. ஆவணம் எழுதுகிறவனுக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதுவும் லேசான வேலை இல்லை. விம்மின் உதவி வெறும் உரைக்கோப்புதான். ஆனால் ஒரு தலைப்பின் பெயரை இரு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுதினால் அது சேருமிடம். அதையே இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே எழுதினால் அங்கே கொண்டுபோகும் வழி. நட்சத்திரத்துக்குள் ஓரெழுத்தை மாற்றிவிட்டு, கோட்டுக்குள் மாற்ற மறந்தால், வாசகர் அந்த வழியில் போய் முட்டுச் சுவரில் நிற்பார். E149 என்று ஒரு பிழைச் செய்தி மட்டும் வரும்.

சரி, இதற்குத் தமிழில் என்ன? 'திருத்தம்' என்றார் ஒரு நண்பர். நல்ல சொல்தான், ஆனால் திருத்தம் என்பது என்ன மாறியது என்பதைச் சொல்கிறது. அதைச் சுமந்து வரும் கோப்புக்கு வேறு பெயர் வேண்டும். 'இணைப்பு' என்றார் இன்னொருவர். மின்னஞ்சலோடு வருவதும் இணைப்பு, சொடுக்கினால் வேறு பக்கம் போவதும் இணைப்பு, வீட்டுக்கு மின்சாரம் வருவதும் இணைப்பு. பாவம் அந்தச் சொல், அதன் தலையில் இன்னொரு மூட்டையா? 'ஒட்டு' என்று நான் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். ஒட்டுப் போட்ட சட்டை, பஞ்சர் ஒட்டு என்று ஏழ்மையின் வாடை அடிக்கிறதாம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மாங்கன்று வாங்கக் குப்பனூர் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போயிருந்தேன். மல்கோவா கொட்டையைப் போட்டால் மல்கோவாவே வரும் என்று நம்ப முடியாது. அதனால் கொட்டையிலிருந்து முளைத்த ஏதோ ஒரு கன்றின் தண்டில், மல்கோவா மரத்துக் குச்சியைச் சீவிப் பொருத்திக் கட்டுகிறார்கள். ஒரு தட்டில் சில கன்றுகள் வாடிக் கிடந்தன. என்ன ஆச்சு என்று பண்ணைக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒட்டுப் பிடிக்கலைங்கண்ணா. குச்சியும் தண்டும் ஒரே பருமனா இருக்கணும், பட்டைக்குப் பட்டை நேரா உக்காரணும். கொஞ்சம் விலகுனாலும் காஞ்சிரும்."

அடையாள வரிகளைப் பற்றி இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

ஒட்டு என்பது மண்ணின் சொல். மலையாளத்தில் ஒட்டுக என்றால் ஒட்டுதல், கன்னடத்தில் ஒட்டு என்றால் சேர்ந்த மொத்தம், நம் ஒட்டுமொத்தத்தில் இருப்பதைப் போல. வீட்டோடு சேர்த்துக் கட்டியது ஒட்டுத் திண்ணை. சொல்லுக்கு முன்னும் பின்னும் சேர்வது முன்னொட்டு, பின்னொட்டு. இப்படி ஒட்டி ஒட்டிச் சொல் வளர்வதால்தான் தமிழை ஒட்டுநிலை மொழி என்கிறார்கள். இவற்றில் எங்கே ஏழ்மை இருக்கிறது?

அதைவிட முக்கியம், ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்ததைத் தமிழ் இரண்டு வினைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஓட்டையை மேலோடு மூடுவது ஒட்டுப் போடுதல். உள்ளே சேர்ந்து வளரும்படி செய்வது ஒட்டுக் கட்டுதல். அவசரத்துக்கு அடைப்பதை முதல் பெயரால் சொல்லலாம். படித்துப் பார்த்து, மூலக் கோப்போடு ஒன்றாகிவிடும் திருத்தத்தை இரண்டாவது பெயரால் சொல்லலாம். சேர்ந்ததா என்று கேட்டால் 'ஒட்டுப் பிடித்தது', இல்லையென்றால் 'பிடிக்கவில்லை'. ஒதுக்கி வைக்கும் கோப்புக்கு 'பிடிக்காதவை' என்றே பெயர் வைத்துவிட்டோம். கொஞ்சம் கோபமாக ஒலிக்கிறது, பரவாயில்லை.

பண்ணைக்காரர் காசு வாங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டால் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய மரமே மேலேறிவிடும். உதவிக் கோப்பில் நாங்கள் அன்றாடம் படும் பாடு இதுதான். 2016-இல் விம் 8.0 வந்தபோது, சொந்தமாக அமைப்புக் கோப்பு வைத்துக்கொள்ளாதவர்களுக்காக ஓர் இயல்பு அமைப்புக் கோப்பு சேர்ந்தது. அவர்களுக்கு நிரல் வரிகளின் வண்ணம் அதிலிருந்து தானாகவே வரும். எங்கள் வரைவில் ஓர் இடத்தில் இதைச் சரியாக எழுதியிருந்தோம். வேறோர் இடத்தில், பழைய குறிப்பை நம்பி, வண்ணத்தை நீங்கள்தான் இயக்க வேண்டும் என்ற வரி அப்படியே துளிர்த்துக் கிடந்தது.

கடைசியில், பேட்ச் அனுப்பச் சொல்லும் அந்த வரியை எழுதி முடித்து ஓமலூர் நண்பருக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் அவரிடமிருந்து ஒரு சின்னக் கோப்பு வந்தது. ஒரு கழித்தல் வரி, ஒரு கூட்டல் வரி. "பிழை கண்டால் ஓட்டு அனுப்புங்கள்" என்று நான் தட்டச்சிட்டிருந்தேன். குறிலுக்கும் நெடிலுக்கும் குழப்பம் வரக் கூடாது என்றுதான் வீரமாமுனிவர் அந்தச் சுழியைப் போட்டுக் கொடுத்தார். எங்கள் முதல் ஒட்டு அந்தச் சுழியை எடுப்பதற்கே செலவானது. பிடித்தது.